ஆடி முதல் பங்குனி வரை

மாதுங்கா, பம்பாய்
26-11-1995

சௌபாக்கியவதி சீதாலக்ஷ்மிக்கு அண்ணா ஸ்வாமிநாதனின் ஆசீர்வாதம். நானும் உன் மன்னியும் பையன் ஸ்ரீராகவும் சௌக்கியமாக ஊர் வந்து சேர்ந்தோம். அம்மாவின் முட்டிவலி, மாப்பிள்ளையின் சர்க்கரை இரண்டும் எந்த மட்டில் இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுது.

தீபாவளிக்குக் கல்லிடைக்குறிச்சிக்கு வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து எனக்கு ஒரே எரிச்சல். ஆற்றுப் படித்துறையில் அப்பா பெயருக்குப் பதித்திருக்கும் கல்லில் உள்ளதை எழுதிக்கொண்டு வந்தேன் அல்லவா? 'கொல்லம் 1121 ஆடி மாதம் 6ஆம் தேதி சிவபதம் சேர்ந்த சங்கரநாராயணய்யர் ஞாபகார்த்தம்.' உலகம் முழுக்க ஒரு வருஷக் கணக்கு, நம் ஊருக்கு மட்டும் ஒரு கொல்லம் வருஷம். சரி, அதற்கு இங்கிலீஷ் வருஷம் என்ன என்று அங்கே நாலு பேரிடம் கேட்டேன். நாலு பேரும் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் நானேதான் கண்டுபிடித்தேன். பஞ்சாங்கப்படி இன்றைக்குக் கொல்லம் 1171. இங்கிலீஷ் 1995. வித்தியாசம் 824. 1121உடன் அதைக் கூட்டினால் 1945. தீர்ந்தது விஷயம். அப்பா போனது 1945 ஜூலை.

ஆக, அப்பா போய் ஐம்பது வருஷம் போன ஜூலையிலேயே முடிந்துவிட்டது! வருகிற ஆடிக்குத்தான் ஐம்பது என்று அம்மா சொல்ல, நானும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். திதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வருஷத்தைக் கோட்டை விட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் பிள்ளை நான் ஒரு ஆடிட்டர். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

போனது போகட்டும். நம் குடும்ப வரலாற்றை ஒரு புத்தகமாக அச்சடித்து, வருகிற ஆடித் திதிக்கு எல்லோர் கையிலும் கொடுப்பதாக இருக்கிறேன். நாழிகை, ஜாமம், கொல்லம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. எல்லாம் மணி, தேதி, வருஷம். உன் ஜாதகத்தின் நகலை அனுப்பு. நாழிகைக்கு இருபத்துநாலு நிமிஷம் வீதம் போட்டு நானே மணியாக்கிக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு நமஸ்காரம். உன் பெண் ஹம்ஸினிக்கு ஆசி.
ஸ்வாமிநாதன்


கல்லிடைக்குறிச்சி
10-12-1995

அன்புள்ள அண்ணாவுக்கு, சீதா நமஸ்காரம். இங்கே அம்மாவின் முட்டி தவிர மற்றது எல்லாம் நன்றாக இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, நாக்கும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் மல்லாடுகிறேன். மன்னிக்கும் ஸ்ரீராகவுக்கும் என் அன்பு.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தாள். "அவனுக்கு வருஷம் தெரியும், எனக்குத் தெரியாதாக்கும்! தாலி போனது என் கழுத்துலேர்ந்துடீ. வர ஆடிக்குத்தான் அம்பது. எழுது" என்றாள். எழுதிவிட்டேன். நீங்கள் இருவரும் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் முன்னே பின்னே போனால் எனக்கு ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்புப் பரீட்சைத் தாள் கட்டு கட்டாக என் தலைமேல் இருக்கிறது.

என் ஜாதகம் தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் ஆற்றோடு போய்விட்டது. பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் இருப்பது 20-3-1947. நான் பிறந்த நேரத்தைக் கேட்டதற்கு அம்மா, "வலி எடுத்து ஏழு நாழிகையில் பிறந்தாய்" என்றாள். நான் பெருக்கிப் பார்த்து, "ரெண்டு மணி நாற்பத்தெட்டு நிமிஷம்" என்றேன். "அப்படி எழுதினா வலி குறைஞ்சுடுமா?" என்று கேட்டாள். இதையும் புத்தகத்தில் போடு.

ஹம்ஸினி எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு. அதை மறக்காமல் போடு, இல்லாவிட்டால் உன்னோடு பேச மாட்டாளாம்.

உன்
சீதா


மாதுங்கா, பம்பாய்
18-2-1996

சீதாவுக்கு ஆசி. இங்கே க்ஷேமம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். வருஷக் கடைசி ஆடிட் வேலை, அதனால் பதில் தாமதம்.

ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். உன் சர்டிபிகேட்டில் உள்ள 1947 நிச்சயம்தானா? அந்த நாளில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஒரு வருஷத்தைக் குறைத்துச் சொல்வது சகஜம். நீ பிறந்தது 1946ஆக இருக்கலாமா? நன்றாக விசாரித்து எழுது.

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்ட வேண்டாம்.

ஸ்வாமிநாதன்


கல்லிடைக்குறிச்சி
3-3-1996

அன்புள்ள அண்ணாவுக்கு, சீதா நமஸ்காரம். எல்லோரும் சௌக்கியம். உன் கடிதத்தில் மன்னியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

1947தான், சந்தேகமே இல்லை. சுதந்திரம் வந்த அன்றைக்கு எனக்கு ஐந்து மாதமாம். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா கொடி ஏற்றுவதைப் பார்க்கப் போனாளாம். மிட்டாய் கொடுத்தார்களாம், குழந்தைக்கு என்று இரண்டாவது கேட்டதற்குக் கொடுக்கவில்லையாம். அந்தக் கோபம் அம்மாவுக்கு இன்னும் தீரவில்லை. இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்?

அது சரி, என் வயசுக்கும் அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்பதற்கும் என்ன சம்பந்தம்? ஏதாவது மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வது போல மூடி மூடி எழுதாதே. நேராக எழுது.

சீதா


மாதுங்கா, பம்பாய்
14-4-1996

சீதாலக்ஷ்மிக்கு. வருஷப் பிறப்பு ஆசிகள். உங்கள் எல்லோருடைய நலத்தையும் பகவான் பார்த்துக்கொள்வான்.

நேராக எழுது என்று நீதான் கேட்டாய். அதனால் எழுதுகிறேன். அப்பா போனது 1945 ஜூலை. கல்லிலேயே வெட்டியிருக்கிறது. நீ பிறந்தது 1947 மார்ச். நீயே உறுதி சொல்லியிருக்கிறாய். நடுவில் இருபது மாதம். இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

எனக்கு ஐந்து வயசில் அப்பா போனார் என்று அம்மா எப்போதும் சொல்வாள். நான் பிறந்தது 1941 ஏப்ரல். கணக்குப்படி எனக்கு அப்போது நாலு வயசுதான். இடையில் அந்த ஒரு வருஷத்தை யார் கூட்டினார்கள், எதற்காகக் கூட்டினார்கள்? ஐம்பதாவது வருஷத்தையும் அதே ஒரு வருஷம் தள்ளித்தானே சொல்கிறாள்? முப்பது வருஷமாக நான் கணக்கு தணிக்கை செய்கிறவன் சீதா. ஒரே தப்பு இரண்டு இடத்தில் ஒரே மாதிரி வந்தால் அது கைத்தவறு இல்லை என்று எனக்குத் தெரியும்.

அப்பா போன பத்தாம் நாளே பெரியப்பா என்னை இங்கே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். உன்னை நான் முதன்முதலாகப் பார்த்தபோது உனக்கு ஆறு வயசு. உன் பேச்சு வந்தால் பெரியம்மா சட்டென்று எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள். ஏன் என்று சின்ன வயசில் புரியவில்லை.

யாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. உன்னை என்றைக்கும் தங்கையாகத்தான் நினைப்பேன். ஆனால் அச்சில் வருகிற வரலாற்றில் பொய் இருக்கக் கூடாது. அதனால் வம்சாவளியில் அப்பாவுக்குக் கீழே என் பெயரும், பக்கத்தில் 'வளர்ப்பு மகள்' என்று உன் பெயரும் வரும். யோசித்துப் பார்த்தால் இது உன் கௌரவத்துக்கும் நல்லதுதான்.

அம்மாவிடம் இதைக் காட்டிவிடாதே.

ஸ்வாமிநாதன்


கல்லிடைக்குறிச்சி
25-4-1996

ஸ்வாமிநாதன் அவர்களுக்கு, சீதாலக்ஷ்மி எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

'அம்மாவிடம் காட்டாதே' என்று எனக்கு எழுதினீர்கள். எங்கள் தபால்காரர் இன்னாசிக்கு எழுத மறந்துவிட்டீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அவர் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளையின் கையெழுத்து என்று ஆசையாக உடைத்திருக்கிறாள். நான் வந்தபோது மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்து வடாம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். "ஸ்வாமிநாதன் எழுதியிருக்கான். என்னைப் பத்தித்தான். படி" என்றாள். படித்தேன். கடைசி வடாமையும் திருப்பிவிட்டுத்தான் எழுந்தாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இருபத்தொரு வயசில் புருஷனைப் பறிகொடுத்தவள். பத்தாம் நாள் பிள்ளையையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நாலு வீட்டுக்கு அப்பளம் இட்டு என்னைப் படிக்க வைத்தாள். அவளைப் பற்றி நீங்கள் பேனா பிடித்து எழுதுகிறீர்கள், யாரையும் குற்றம் சொல்லவில்லை என்று! இதைவிட நேராகத் திட்டியிருக்கலாம். அதற்காவது ஒரு மனசு வேண்டும்.

வளர்ப்பு மகளா? பெரியப்பா வீட்டில் வளர்ந்தது நானா, நீங்களா? வளர்ப்பு என்று யாரையாவது அச்சடித்தே தீர வேண்டும் என்றால் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அடித்துக்கொள்ளுங்கள். என் கௌரவத்துக்கு எது நல்லது என்று நான் உங்களைக் கேட்கவில்லை.

உங்கள் கணக்கைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதப் போவதில்லை. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் ரயிலேறி வாருங்கள். அம்மா முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். அவள் இருக்கிறாள், காது கேட்கிறது, நினைவும் தப்பவில்லை.

சீதாலக்ஷ்மி


மாதுங்கா, பம்பாய்
12-5-1996

சீதாலக்ஷ்மிக்கு. இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குத்தான் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது.

திடீரென்று 'நீங்கள்' போட்டு எழுதியிருக்கிறாய். போடு, நான் தடுக்கவில்லை. நாலு பக்கம் திட்டியிருக்கிறாய், ஆனால் இருபது மாதம் என்பது தப்பு என்று ஒரு வரி எழுதவில்லை. கவனித்தாயா? கணக்கைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிறாய். ரசீது கேட்டால் கோபித்துக்கொள்ளும் கட்சிக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரசீது இருக்கிறவன் கோபித்துக்கொள்ள மாட்டான், எடுத்து மேஜைமேல் வைப்பான்.

பெற்ற தாயிடம் போய் எந்தப் பிள்ளை இதைக் கேட்பான்? உனக்கே அசிங்கமாக இல்லையா? கேட்காமல் இருப்பதுதான் நான் அவளுக்குக் கொடுக்கும் மரியாதை.

ஆடிக்கு நான் அங்கே வருவதாக இல்லை. அப்பாவின் திதியை இங்கேயே செய்துகொள்கிறேன். புத்தகம் அச்சகத்துக்குப் போய்விட்டது.

ஸ்வாமிநாதன்


(அஞ்சலட்டை)
கல்லிடைக்குறிச்சி
20-5-1996

தங்கள் கடிதம் கிடைத்தது. அம்மா சௌக்கியம்.

சீ.


மாதுங்கா, பம்பாய்
28-6-1996

என் அருமைத் தங்கை சீதாவுக்கு அண்ணாவின் அன்பும் ஆசியும். நீ, அம்மா, மாப்பிள்ளை, குழந்தை ஹம்ஸினி எல்லோரும் சௌக்கியம்தானே? உடனே எழுது. இங்கே எனக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. சந்தோஷத்தில்தான்.

சீதா, கணக்கு சரியாகிவிட்டது! அம்பாசமுத்திரம் நமச்சிவாயம் அண்ணாச்சி இங்கே தாதரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார், என் கட்சிக்காரர். அவர் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. அதில் '7-7-1996, கொல்லம் 1171 ஆனி 23' என்று போட்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் போன நவம்பரில் பார்த்தபோதும் 1171தானே? தை பிறந்து, சித்திரை பிறந்து, இங்கிலீஷ் வருஷமும் மாறிவிட்டது. இது மட்டும் ஏன் மாறவில்லை? உடனே போன் போட்டேன். அண்ணாச்சி சிரிக்கிறார். "கொல்லம் ஆவணியிலல்லா பிறக்கும்! சித்திரையில பிறக்கும்னு எவன்வே உமக்குச் சொன்னான்? ஊரை விட்டுப் போயி எல்லாத்தையும் மறந்துட்டீரு" என்றார்.

அப்புறம்தான் மண்டையில் ஏறியது. ஆவணியிலிருந்து டிசம்பர் வரைக்கும் 824 கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து ஆடி வரைக்கும் 825 கூட்ட வேண்டும். நான் நவம்பரில் பார்த்த வித்தியாசத்தை ஆடிக்கும் போட்டுவிட்டேன். 1121 ஆடி என்பது 1946 ஜூலை! அடுத்த பங்குனியில் நீ பிறந்திருக்கிறாய். ஆடி முதல் பங்குனி வரை எட்டே மாதம். எனக்கு ஐந்து வயசு என்று அம்மா சொன்னதும் சரி, வருகிற ஆடிக்கு ஐம்பது என்றதும் சரி. எல்லாம் பைசா சுத்தமாக நேராகிவிட்டது.

அச்சகத்துக்கு ஓடிப் போய் நிறுத்திவிட்டேன். அப்பாவுக்குக் கீழே உன் பெயர் என் பெயருக்குச் சமமாக, அதே எழுத்தில் வரும். ஹம்ஸினியின் எம்.எஸ்ஸி. உண்டு. அம்மாவிடம் சொல், அவள் பேரில் ஒரு குற்றமும் இல்லை என்று நிரூபணம் ஆகிவிட்டது. ஆகஸ்ட் நாலாம் தேதி நாங்கள் மூன்று பேரும் வருகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று. திதியை அங்கேயே ஜாம் ஜாம் என்று செய்துவிடுவோம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வீட்டில் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு நீ ஏன் எனக்கு இதை எடுத்துச் சொல்லவில்லை? ஒரு வரி எழுதியிருந்தால் இத்தனை மனஸ்தாபம் வந்திருக்காதே? பழைய 'நீ' போட்டு உடனே பதில் எழுது.

உன் அன்பு அண்ணா
ஸ்வாமிநாதன்


கல்லிடைக்குறிச்சி
13-7-1996

அண்ணாவுக்கு, சீதா எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. மன்னிக்கும் ஸ்ரீராகவுக்கும் நமஸ்காரமும் அன்பும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. 'நீ' போட்டு எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். முயன்று பார்த்தேன், கை வரவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். உங்கள் சித்திரைக் கடிதம் வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரில் 1996க்குப் பக்கத்திலேயே கொல்லம் 1171 என்று போட்டிருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் போடுகிற கழித்தல். அதைக் கிழித்து உங்கள் முகத்தில் எறிகிற மாதிரி ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். அம்மா என் கையிலிருந்து பேனாவை வாங்கி வைத்துவிட்டாள். எதற்கு என்று சண்டை போட்டேன். அப்போதுதான் இத்தனை வருஷமாகச் சொல்லாததைச் சொன்னாள்.

நான் பிறந்த பதினோராம் நாள், புண்ணியாகம் முடிந்ததும், பம்பாயிலிருந்து வந்திருந்த பெரியம்மா கூடத்தில் எல்லாப் பெண்களையும் உட்கார வைத்தாளாம். அம்மாவை நடுவில் நிறுத்தி, "எல்லாருக்கும் கேக்கறாப்புல எண்ணு" என்றாளாம். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று அம்மா விரல் மடக்கிப் பங்குனி வரைக்கும் எண்ணியிருக்கிறாள். எட்டு வந்தது. "ஏன் பத்து வரலே?" என்று ஒருத்தி கேட்டாளாம். அவர் போகும்போது தனக்கு நாள் தள்ளி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது என்பதை அத்தனை பேருக்கும் நடுவில் அம்மா வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் பெரியம்மா அடுக்களைக்குள் எழுந்து போனது இதற்குத்தான்.

"ஒரு தடவை எண்ணிக் காட்டியாச்சு. அப்போ மாமியார் வீடு, கதி இல்லே, எண்ணினேன். பெத்த பிள்ளைக்கும் எண்ணிக் காட்டணுமாடீ? நீ ஆவணியைப் பத்தி எழுதினியோ, இந்த ஆத்துல நான் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்றாள். அதனால்தான் எழுதவில்லை. அந்த அஞ்சலட்டையை மட்டும் எழுதிப் போட்டேன்.

இப்போது உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். 'நிரூபணம் ஆகிவிட்டது' என்ற இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னாள். மறுபடி படித்தேன். பேனாவையும் கடிதாசியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் எழுதியதைப் பிரித்துப் பார்க்காமல் இதோடு வைத்திருக்கிறேன்.

சீதா


ஸ்வாமிநாதனுக்கு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். ரத்த அழுத்தம் என்று எழுதியிருந்தாயாமே, உப்பைக் குறை. எழுதிப் பழக்கம் விட்டுப்போயிற்று, எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

கல்லைப் பார்த்தாய். பஞ்சாங்கத்தைப் பார்த்தாய். சர்டிபிகேட் கேட்டாய். நமச்சிவாயத்துக்குப் போன் போட்டாய். உயிரோடு இருக்கிற என்னைக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று எழுதினாய். கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். யுத்தம் முடிந்து வெடி போட்டபோது உன் அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். அடுத்த ஆடியில் போனார். உனக்கு ஞாபகம் இல்லை. குழந்தை, அது தப்பில்லை.

என்மேல் குற்றம் இல்லை என்று தீர்ப்பு எழுதி அனுப்பியிருக்கிறாய். யாரடா உன்னிடம் தீர்ப்பு கேட்டது? உன் பெரியம்மா எண்ணச் சொன்னாள், எண்ணினேன். அவள் வேற்று மனுஷி. நீ பத்து மாதம் என் வயிற்றில் கிடந்தவன்.

புத்தகத்தில் என் பெயரும் வேண்டாம், சீதா பெயரும் வேண்டாம். நாளைக்கு வேறு யாராவது வேறு ஏதாவது கணக்கு சொன்னால் மறுபடி அழிக்க வேண்டியிருக்கும், உனக்கு எதற்கு அந்தச் சிரமம்?

உன் அப்பாவுக்குச் செய்ய வேண்டிய கடமை உனக்கு உண்டு. நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் இந்த வீட்டுப் படி ஏறும் முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். உனக்குச் சந்தோஷம், கணக்கு சரியாக வந்துவிட்டது. வராமலே போயிருந்தால் நான் உனக்கு யாரடா? யோசித்துப் பதில் எழுது. பதில் வந்த பிறகு ஆசீர்வாதம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சீதாவின் அம்மா